கடைக்கு ஊரடங்கு என்றால் வாடகைக்கும் வட்டிக்கும் ஊரடங்கு போடுங்கள்

தமிழ்நாடு முதலமைச்சர் தலைமையிலான கொரோனா ஆலோசனைக் குழுவில் இருக்கும் அனைத்துக் கட்சி சட்டமன்ற உறுப்பினர்கள் 13 பேருக்கும்,

வணக்கம்.

போன சனிக்கிழமை, 2021 மே 22, நீங்கள் கூடிப் பேசிய அன்றே டிவியில் அறிவிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம், தளர்வே இல்லாத முழு ஊரடங்கு. அதற்கு முன்னால் சனிக்கிழமை இரவு 9 மணி வரைக்கும், ஞாயிறு காலை 6 மணியிலிருந்து இரவு 9 வரைக்கும் எல்லாக் கடைகளும் திறக்கலாம், பஸ்ஸும் ஓடும் என்றார்கள். திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். மே 10ஆம் தேதி இழுத்த ஷட்டரை அந்த ஞாயிற்றுக்கிழமை தூக்கிவிட்டு உட்கார்ந்தேன். காலையிலிருந்து ராத்திரி வரை இரண்டே பேர் வந்தார்கள். ஒருவருக்கு ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை வேண்டும். இன்னொருவருக்கு முகக்கவசத்தில் அறுந்துபோன எலாஸ்டிக்.

ஊர் முழுக்க மார்க்கெட்டில் இருந்தது. முந்தின வாரம் இருபது ரூபாய்க்கு வாங்கிய தக்காளியை அன்றைக்கு எண்பதுக்கு வாங்கினேன். காய்கறிக் கடை முன்னால் என் முதுகில் ஒருவர் மூச்சு, அவர் முதுகில் இன்னொருவர் மூச்சு. நோய் பரவக் கூடாது என்று ஊரை அடைக்கப் போகிறோம், அடைப்பதற்கு முன்னால் ஊரையே ஒரு தெருவில் கொண்டுபோய் நெருக்கி நிறுத்துகிறோம். இதை உங்கள் ஆட்சியின் குறையாக மட்டும் சொல்ல மாட்டேன். போன வருடம் ஏப்ரல் 26லிருந்து நான்கு நாள் சென்னை, மதுரை, கோவையில் முழு ஊரடங்கு போட்டபோதும் முந்தின நாள் இதே கூட்டம்தான். அன்றைக்குச் சுகாதாரத் துறையைப் பார்த்தவரும் இப்போது உங்கள் குழுவில் இருக்கிறார், அவருக்கு நினைவிருக்கும். இந்த எல்லாவற்றுக்கும் முன்னோடி 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு வந்த அறிவிப்பு. நாட்டுக்கே நான்கு மணி நேரம்தான் அவகாசம் கொடுத்தார்கள். உங்களுடையது அதைவிட மேல், ஒன்றரை நாள் கொடுத்தீர்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊரடங்கு வேண்டாம் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. எதிர் வீட்டுப் பெரியவர் மே முதல் வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார். நடந்துதான் போனார். திரும்பி வரவில்லை. அவர் போட்டிருந்தது நான் தைத்த சட்டை. ஒரே நாளில் மாநிலத்தில் 36,000 பேருக்கு மேல் தொற்று என்று செய்தி வாசிக்கும்போது கடையைத் திற என்று கேட்க எனக்கு வாய் வராது.

நாடு முழுக்க இன்னொரு ஊரடங்கு வேண்டுமா என்று ஒரு மாதமாக டிவியில் விவாதம் நடக்கிறது. ஊரடங்கு கடைசி ஆயுதமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏப்ரல் 20ஆம் தேதி பிரதமர் சொன்னார். திட்டமிட்டு, முன்கூட்டியே அறிவித்து முழு ஊரடங்கு போடுங்கள் என்று மே 8ஆம் தேதி இந்திய மருத்துவச் சங்கம் கேட்டது. இதற்கு நடுவில் மக்களே ஊரடங்கைத்தான் விரும்புகிறார்கள் என்று ஒரு பேச்சு. எங்கள் தெருவில் கேட்டால் தெரியும். பென்ஷன் வாங்கும் வங்கிக்காரர் ஒரு மாதம் அடைக்கணும் என்கிறார். ஆட்டோ ஓட்டும் தம்பி, ஒரு நாள்கூடத் தாங்காது அக்கா என்கிறான். அவன் சம்சாரம் அவனை அதட்டிவிட்டு, அடைக்கட்டும், மூன்று பிள்ளை இருக்கு, நீ வெளியே போகாதே என்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு ஓட்டு. என்னைக் கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் கேட்கிறவர்கள் கேள்வியில் பாதியைத்தான் கேட்கிறார்கள். ஊரடங்கு வேண்டுமா என்கிறார்கள். அந்த மாத வாடகையை யார் கட்டுவது என்று கேட்பதில்லை.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தையல்காரிக்கு வருடத்தில் இரண்டு அறுவடை. ஒன்று தீபாவளி. இன்னொன்று மே, ஜூன், பள்ளிக்கூட யூனிபார்ம். மற்ற மாதங்களில் வருகிற ஜாக்கெட்டும் சேலை பால்ஸும் கரண்ட் பில்லுக்கும் நூலுக்கும் சரியாகப் போய்விடும். போன வருடம் இரண்டு தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 140 செட் ஒப்புக்கொண்டேன். துணி எடுக்க மகளிர் குழுவில் கடன் வாங்கினேன். பீஸ் ரேட்டுக்கு இரண்டு பெண்களை வைத்துப் பிப்ரவரியிலேயே தொடங்கி, மார்ச் 24 அன்று 60 செட் தைத்து முடித்திருந்தோம். மீதி வெட்டின துணியாகக் கட்டிக் கிடந்தது.

அப்புறம் பள்ளிக்கூடமே திறக்கவில்லை. அறுபது செட்டும் கண்ணாடி அலமாரியில் அப்படியே இருந்தன. நாங்கள் முகக்கவசம் தைத்துச் சாப்பிட்டோம். அதுவும் போன வருடத்தோடு சரி, இப்போது துணி மாஸ்க்கை யாரும் சீந்துவதில்லை.

இந்த வருடம் பிப்ரவரி 8ஆம் தேதி ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் பள்ளி திறந்தார்கள். அந்த வாரம் ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். எட்டாம் வகுப்பு முடிக்கும்போது அளவு கொடுத்த பையன். பேன்ட்டைப் போட்டுப் பார்த்தால் கணுக்காலுக்கு மேலே நாலு விரல் நிற்கிறது. வளர்கிற பிள்ளை என்று உள்ளே இரண்டு அங்குலம் மடித்து விட்டிருந்தேன். பிரித்து இறக்கினேன். அப்போதும் எட்டவில்லை. ஒரு வருடம் வெயில் பட்டதில் வெளித்துணி வெளுத்து, உள்ளே மடித்திருந்த இடம் மட்டும் புதுத் துணியாகப் பளிச்சென்று, கால் முடிகிற இடத்தில் பட்டை போட்ட மாதிரி தெரிந்தது. பையன் எதுவும் சொல்லவில்லை, கீழே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தத் தாய்க்கும் அந்த வருடம் வேலை இல்லை. பாதிக் கூலிதான் வாங்கினேன். மார்ச் 22ஆம் தேதி அந்த வகுப்புகளை மறுபடியும் மூடிவிட்டார்கள். ஆறு வாரம் போட்டான் அந்த பேன்ட்டை.

மீதி ஐம்பத்துச் சொச்சம் செட் இன்னும் அலமாரியில் இருக்கிறது. என் அளவு நோட்டில் உள்ள பிள்ளைகள் யாரும் இப்போது அந்த அளவில் இல்லை.

இது இரண்டாவது மே மாதம். கடை வாடகை 6,500 ரூபாய். அதற்கு ஊரடங்கு கிடையாது. குழுக் கடன் வாரத் தவணை 850. அதற்கும் கிடையாது. 2,000 ரூபாய் ரேஷன் கடையில் கொடுத்தீர்கள். வாங்கினேன், அரிசி மளிகைக்கு ஆயிற்று, நன்றி. உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் அது வயிற்றுக்கு. நான் கேட்பது கடைக்கு. எந்தத் தேதியில் எங்கள் ஷட்டரை இறக்கச் சொல்கிறீர்களோ, அதே தேதியில் வாடகைக்கும் வட்டிக்கும் சேர்த்து ஷட்டரை இறக்குங்கள்.

இதற்கு முன்னுதாரணமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2020 மார்ச் 29ஆம் தேதி மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது, தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வீட்டு வாடகை கேட்கக் கூடாது என்று. வீட்டுக்குப் போட முடிந்ததைச் சின்னக் கடைக்குப் போட முடியாதா? கடன் தவணையை ரிசர்வ் வங்கி போன வருடம் ஆறு மாதம் தள்ளி வைத்தது. ஆகஸ்ட் 31 வரை. அந்த ஆறு மாதமும் வட்டி மட்டும் ஓய்வெடுக்கவில்லை. எங்கள் குழுவில் 18 மாதத்தில் முடிய வேண்டிய கடன் இரண்டு வருடத்தைத் தாண்டி நீண்டுவிட்டது. இந்த வருடம் அந்தத் தள்ளிவைப்புகூட இல்லை. மே 5ஆம் தேதி சிறு கடன்காரர்களுக்குக் கடனைத் திருத்தி அமைத்துக்கொள்ள வழி செய்திருப்பதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் அறிவித்தார். வசூலுக்கு வருகிற தம்பியிடம் கேட்டேன். "அதெல்லாம் பெரிய லோனுக்கு இருக்கும்க்கா, எனக்கு ஒண்ணும் மெயில் வரலை" என்றான். அவன் மேல் கோபமில்லை. வசூல் குறைந்தால் அவன் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.

கடன் மத்திய அரசின் பொறுப்பு, நாங்கள் என்ன செய்வது என்பீர்கள். உங்கள் 13 பேரில் மத்தியில் ஆளும் கட்சிக்காரரும் இருக்கிறார், மத்தியில் எதிர்க்கட்சியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். இத்தனை கட்சிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே முடிவு எடுத்ததை இப்போதுதான் பார்க்கிறேன். எங்கள் கடையை அடைப்பதற்கு வந்த ஒற்றுமை, எங்கள் தவணையைத் தள்ளி வைக்கச் சொல்லி டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதுவதற்கு வராதா?

அப்புறம் இன்னொன்று. தளர்வே இல்லாத முழு ஊரடங்கு என்றீர்கள். ஆன்லைன் வியாபாரத்துக்குக் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை அனுமதி. பொட்டலம் கொடுக்கிற பையன் தினமும் எங்கள் தெருவுக்கு வருகிறான். ரெடிமேட் சட்டை வருகிறது, சுடிதார் வருகிறது. பத்துக்குப் பத்து அறையில் தனியாக மிஷின் மிதிக்கும் நான் ஷட்டரைத் தூக்கினால் அபராதம். தூரத்துக் கிடங்கிலிருந்து வருகிற சட்டையில் கிருமி ஒட்டாது, என் ஊசியில்தான் ஒட்டும் போலிருக்கிறது. மார்ச் மாதம் ஓட்டுக் கேட்டு இதே தெருவில் மேளத்தோடு வந்தீர்களே, அப்போது கூட்டத்தில் நின்ற ஆரத்தித் தட்டுக்காரிகளில் நானும் ஒருத்தி. அன்றைக்கு யாரும் இடைவெளி விடச் சொல்லவில்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பதவிக்கு வந்து முழுதாக ஒரு மாதம்கூட ஆகாத அரசு, ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் அலைகிறது என்பது தெரியாமல் இல்லை.

ஊரடங்கு பற்றி உச்ச நீதிமன்றம் இந்த மாதத் தொடக்கத்தில் வெளியிட்ட உத்தரவைப் பேப்பரில் படித்தேன். மக்கள் நலனுக்காக ஊரடங்கு போடுவதை மத்திய, மாநில அரசுகள் பரிசீலிக்கலாம் என்று ஒரு வரி. அதை எல்லாச் சேனலும் பெரிய எழுத்தில் போட்டன. அடுத்த வரிகளில், ஊரடங்கு போட்டால் விளிம்பு நிலையில் இருப்பவர்களின் தேவைகளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் அதே நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். மருத்துவர்கள் கேட்டதும் முன்கூட்டி அறிவிக்கத்தான். நான் கேட்பதும் அதைத்தான். முன்கூட்டியே.

இந்த ஊரடங்கு மே 31 காலையோடு முடிகிறது. அதற்குள் நீங்கள் மறுபடி கூடிப் பேசுவீர்கள், நீட்டிக்கவும் செய்வீர்கள் என்றுதான் தோன்றுகிறது. நீட்டியுங்கள். ஆனால் குறைந்தது மூன்று நாள் முன்னால் சொல்லுங்கள், மார்க்கெட்டில் ஒருவர் மேல் ஒருவர் விழாமல் வாங்கிக்கொள்கிறோம். தனியாளாக உட்கார்ந்து தொழில் செய்கிற சின்னக் கடைகளை ஒரு நாளைக்கு நாலு மணி நேரமாவது திறக்க விட முடியுமா என்று மருத்துவ நிபுணர்களிடம் கேட்டுப் பாருங்கள். முடியாது என்று அவர்கள் சொன்னால் சரி, அடைத்துக்கொள்கிறேன். அடைக்கிற நாளுக்கு வாடகையும் வட்டியும் ஓடக் கூடாது என்ற உத்தரவையும் ஊரடங்கு உத்தரவோடு சேர்த்தே வெளியிடும்படி உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல் கடைக்காரி,
திண்டுக்கல்,
27.5.2021

பின்குறிப்பு: எங்கள் கடையின் சொந்தக்காரர் வாடகை வாங்க ஐந்தாம் தேதி வருவார். நல்ல மனிதர்தான், அவருக்கும் அந்த வாடகைதான் வருமானம். உங்கள் உத்தரவில் அவருக்கும் ஏதாவது வழி சொல்லியிருந்தால் நல்லது.