நான்காம் வகுப்பில் இந்த மாதம் மழையை அளக்கிறோம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்துவிட்டது. பிசானப் பருவ நெல் நடவு வேலையும் சேர்ந்துகொண்டதால் இந்த மாதக் கூட்டத்துக்கு உங்களில் பலரால் வர முடியாது என்று தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வெட்டிய தண்ணீர் பாட்டிலோடு வீட்டுக்கு வருவதைப் பார்த்துவிட்டு, “பாடம் நடக்குதா, விளையாட்டு நடக்குதா?” என்று இரண்டு மூன்று பேர் கேட்டீர்கள். பாடம்தான் நடக்கிறது. இந்த மாதம் கணக்கில் அளவைகள். மில்லிமீட்டர், சென்டிமீட்டர், லிட்டர் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் 7 மி.மீ. என்பது எவ்வளவு என்று விரலால் காட்டச் சொன்னால் விழிப்பார்கள். அதனால் வாசலில் பெய்கிற மழையையே அளக்க வைக்கிறோம்.

பாட்டிலைச் செய்வது எளிது. நேரான பக்கம் உள்ள பெரிய பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்துப் புனல்போல மேலே செருக வேண்டும். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகத் தொடங்குகிற இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தில் 0 என்று கோடு போடுகிறோம். அங்கிருந்து மேலே அளவுகோலை ஒட்டிவிட்டால் சரி. கூரைத் தண்ணீர் சொட்டாத, மரத்தடியில் இல்லாத வெட்டவெளியில் வைக்க வேண்டும். வானிலை மையங்கள் தினமும் காலை 8.30 மணிக்கு மழை அளவைக் குறிக்கின்றன. நம் பிள்ளைகளும் அதே நேரத்தில்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால்தான் நம் ஊர் அளவை மாஞ்சோலை மலையில் உள்ள ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகளின் அளவோடு ஒப்பிட முடியும்.

போன வாரம் வகுப்பில் ஒரு மாணவி, “பெரிய பாத்திரம் வைத்தால் நிறைய மழை பெய்த மாதிரிக் காட்டாதா, டீச்சர்?” என்று கேட்டாள். அருமையான கேள்வி. வகுப்பாசிரியை பதில் சொல்லவில்லை. சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு அகலமான சம்படத்தையும், பக்கம் நேராக உள்ள ஒரு டம்ளரையும் எடுத்துவந்து முற்றத்தில் வைத்தார். மழை விட்டதும் இரண்டிலும் அளவுகோலை நிறுத்திப் பார்த்தார்கள். உயரம் ஒன்றுதான். தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் சம்படத்தில் பல மடங்கு அதிகம். வாய் அகலமானால் மழை நிறைய விழுகிறது, ஆனால் அந்தத் தண்ணீர் பரவிக்கொள்ள அடியும் அவ்வளவு அகலம். இதைப் பிள்ளைகளே பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். உயரம் வேறு, கொள்ளளவு வேறு என்பது இனி அவர்களுக்கு மறக்காது.

அப்புறம் பெருக்கல். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் சரியாக 1 லிட்டர் தண்ணீர். பிள்ளைகள் டேப் பிடித்து வகுப்புக் கட்டடத்தை அளந்தார்கள். 15 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், ஆக 90 சதுர மீட்டர். 10 மி.மீ. மழைக்கு 900 லிட்டர். நம் சின்டெக்ஸ் தொட்டி கிட்டத்தட்ட நிரம்பிவிடும். வாய்ப்பாடு எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

நாளிதழில் வரும் அணை நீர்மட்டத்தையும் தினமும் பலகையில் எழுதுகிறார்கள். அணைகளின் முழு மட்டம் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. அணை நிரம்ப இன்னும் எத்தனை அடி வேண்டும் என்பது அன்றைய கழித்தல் கணக்கு. தமிழில் தினம் இரண்டு வரி மழைக்குறிப்பு எழுதுகிறார்கள். சமூக அறிவியலில், பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி சீவலப்பேரி அருகே சிற்றாற்றைச் சேர்த்துக்கொண்டு புன்னைக்காயலில் கடலோடு கலப்பது வரை வரைபடம் வரைகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பிள்ளைகளே பேச்சில் கொண்டுவந்தார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. சுவரில் 95 செ.மீ. உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு ஒவ்வொருவராகப் பக்கத்தில் நின்றார்கள். பலருக்கு அது நெஞ்சு மட்டம். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களை இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பிள்ளை வீட்டில் அதைப் பற்றிக் கேட்டால் வாயை அடைக்காமல், நடந்ததைப் பக்குவமாகச் சொல்லுங்கள். பயந்த பிள்ளை இருந்தால் எங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அளவை நீங்கள் பார்த்துச் சொல்லாதீர்கள், பிள்ளையே குனிந்து கண் மட்டத்தில் பார்க்கட்டும். மழை பெய்யாத நாளில் 0 என்றே எழுதட்டும். பாட்டில் சாய்ந்துவிட்டால் ‘அளக்கவில்லை’ என்று எழுதினால் போதும், ஊகித்து ஒரு எண்ணைப் போட வேண்டாம். மழை நேரத்தில் வாய்க்கால், குளத்துப் பக்கம் தனியாக விடாதீர்கள். இடி மின்னல் இருந்தால் பாட்டிலைப் பார்க்கவும் வெளியே போக வேண்டாம், தாமதமாகக் குறித்தாலும் பரவாயில்லை.

வீட்டில் பழைய உழக்கோ படியோ மரக்காலோ இருந்தால் அடுத்த வாரம் கொடுத்தனுப்புங்கள். பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள், பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம். உழக்கில் எத்தனை மில்லிலிட்டர் பிடிக்கும் என்று பிள்ளைகள் அளந்து பார்க்கப் போகிறார்கள். நெல் அளந்து பழகிய தாத்தா, ஆச்சி யாராவது ஒரு மணி நேரம் வந்து அளந்து காட்ட முடிந்தால் மிகவும் சந்தோஷம். வெள்ளிக்கிழமை மதியம் வசதிப்படும். முன்கூட்டி வகுப்பாசிரியையிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்