காந்தம் சும்மா தருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், நிரந்தரக் காந்த ஆல்டர்னேட்டரை, அதாவது சுற்றினால் மின்சாரம் தரும் கருவியை, சக்கரத்தோடு இணைத்துவிட்டால் பேட்டரி வண்டி ஓட ஓடத் தானே சார்ஜ் ஏறிக்கொள்ளும் என்று படித்தேன். ‘காந்தம் இருப்பதால் மின்சாரம் இலவசம்’ என்று ஒரு வரி வேறு. அதை எழுதியவர் சைக்கிள் டைனமோவை டயரில் சாய்த்து ஒரு நாளாவது மிதித்திருக்கிறாரா? தொடையே சொல்லியிருக்குமே. அதிலும் இருப்பது நிரந்தரக் காந்தம்தான். கொடுப்பது 3 வாட்.

நான் 31 ஆண்டுகளாக ஆல்டர்னேட்டர் பிரித்து மாட்டுகிறவன். வேலை பழக வரும் பையனிடம் முதல் நாளே நிரந்தரக் காந்த ஆல்டர்னேட்டர் ஒன்றைக் கொடுப்பேன். மூன்று வயர்களும் தனித்தனியாக இருக்கும்போது தண்டை விரலாலேயே சுற்றிவிடலாம். மூன்றையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு ‘இப்போ சுத்துடா’ என்பேன். உள்ளே யாரோ பிடித்து இழுப்பதுபோல் கை கனக்கும். உள்ளே இருக்கும் காயிலில் (கம்பிச் சுருளில்) ஓடும் மின்சாரம் தானும் காந்தமாகிச் சுழற்சியை எதிர்த்து நிற்பதுதான் காரணம். லென்ஸ் என்ற இயற்பியலாளர் 1834லேயே சொன்ன விதி, தங்களுக்குத் தெரியாததல்ல. எவ்வளவு மின்சாரம் எடுக்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பு. காந்தம் என்ன, பெட்ரோலா, எரிந்து சக்தி தர?

கணக்கும் கேளுங்கள். காரில் 14 வோல்ட்டில் 50 ஆம்பியர் எடுத்தால் 700 வாட். அதற்கு இன்ஜின் ஏறக்குறைய 1,200 வாட் தரவேண்டும். மீதி சூடாகப் போகிறது. கார் ஆல்டர்னேட்டரில் காந்தத்தின் வேலையை மின்சாரம் ஓடும் ஃபீல்டு காயில் என்ற சுருள் செய்கிறது. அதற்குப் பதில் நிரந்தரக் காந்தம் போட்டால் மிச்சமாவது அந்தக் காயில் தின்னும் 3, 4 ஆம்பியர், அதாவது 50 வாட் அளவு. அவ்வளவுதான் இலவசம்! அப்புறம் காந்தத்தின் வலுவைக் கூட்டிக் குறைக்க முடியாது. பல பைக்குகளில் தேவைக்கு மேல் வருவதை ரெகுலேட்டர்தான் சூடாக்கித் தொலைக்கிறது, தொட்டவனுக்குத் தெரியும்.

பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்ப வருவது வேறு கதை. வீணாகப் போவதில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறோம். ஓடும்போதே எடுத்தால் அந்தச் சுமையையும் அதே பேட்டரிதானே இழுக்கவேண்டும்?

போன வாரம் ஒருவர் தங்கள் இதழைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், சக்கரத்தில் ஆல்டர்னேட்டர் மாட்டித்தரச் சொல்லி. முடியாது என்றேன். ‘பத்திரிகையிலேயே போட்டிருக்கு, உங்களுக்கு என்ன தெரியும்’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இது முதல் தடவையும் அல்ல. பெட்ரோல் பைப்பில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று எழுதினீர்கள். கடிதம் போட்டேன், வரவில்லை. தண்ணீரில் ஓடும் கார் என்று எழுதினீர்கள். மறுபடியும் போட்டேன். கணக்கை எல்லாம் வெட்டிவிட்டு, மரியாதைக்காக நான் எழுதிய ‘கட்டுரை சுவையாக இருந்தது’ என்பதை மட்டும் அச்சிட்டீர்கள்! ஓயாமல் ஓடும் இயந்திரம் என்று யார் வந்தாலும் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775லேயே கதவைச் சாத்திவிட்டது. அவர்கள் கைவிட்ட வேலையைத் தாங்கள் எடுத்துச் செய்வது பெரிய மனசுதான்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், போதும். குறுக்கெழுத்துக்குக் கீழே போட்டாலும் சரி. இந்தக் கடிதத்துக்கு இடம் போதாவிட்டால் வணக்கத்தை வெட்டிக்கொள்ளுங்கள், கணக்கில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் ஓய்வு பெறாத ஆட்டோ எலக்ட்ரீஷியன்