கண் முகாமில் அப்பத்தாவின் கைபிடித்த அக்காவுக்கு நன்றி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம் நடந்த அன்று உதவிக்கு வந்திருந்த அக்கா, உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. "கண்ணைத் தோண்டி எடுத்துருவாங்க" என்று ஆபரேஷனுக்குப் போகும் மதுரை பஸ்ஸில் ஏறவே மறுத்தார். நீங்கள் அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பயத்தையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டீர்கள். பிறகு சுண்டுவிரல் நகத்தைக் காட்டி, "லென்ஸ் இத்துனூண்டுதான் ஆத்தா" என்றீர்கள். கையைப் பிடித்து ஏற்றியும் விட்டீர்கள்.

புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் அந்தச் சின்ன லென்ஸ், வெளிநாட்டிலிருந்தே வாங்க வேண்டியிருந்த காலத்தில் ஏழைகளுக்கு எட்டாத விலை. 1992-இல் மதுரையில் அரவிந்தின் லென்ஸ் தயாரிக்கும் பிரிவான ஆரோலேப் தொடங்கியபின் விலை வெகுவாகக் குறைந்தது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த மருத்துவமனைதான் அரவிந்த். வசதியுள்ளவர்கள் கட்டும் பணத்தில் இல்லாதவர்களுக்கும் சிகிச்சை நடக்கிறது. எவ்வளவு பெரிய ஏற்பாடு! ஆனாலும் நீங்கள் இல்லையென்றால் அப்பத்தா வீடு திரும்பியிருப்பார்.

இப்போது அரிசியில் கல் பொறுக்குவது அவர்தான். அடுத்த முகாமுக்கு வந்தால் சாப்பாடு எங்கள் வீட்டில்தான், அக்கா. இதை எழுதச் சொன்னதே அவர்தான்.