காத்திருப்புக் கூடத்தில் உடனிருந்த அக்காவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

கணையப் பக்கம் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுக்கும் ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். தையல் பிரித்தாகிவிட்டது, வயிற்றில் கசியும் நீரை வெளியேற்ற வைத்திருந்த கடைசிக் குழாயையும் எடுத்துவிட்டார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. வெட்டிய ஓரங்களில் புற்றுநோய் செல்கள் இல்லை. இந்த ஒரு வரிக்காகத்தான் நாம் எல்லோரும் காத்திருந்தோம். பல முறை படித்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை.

என்ன நடந்தது, எப்படி ஆரம்பித்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. நன்றியை மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும். நாளாக நாளாக அன்றாட வேலைகள் வந்து மூடிவிடும், அப்புறம் சொன்னால் இந்த அளவுக்குச் சொல்ல வராது.

எல்லோருக்கும் சொல்வதற்கு முன்னால் உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு அந்த அறுவை சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு புதிதாக இணைக்க வேண்டும். விப்பிள் ஆபரேஷன் என்பார்கள். 1935-ல் ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவும் இதை இரண்டு கட்டமாகச் செய்து வெளியிட்டார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1970-கள் வரைகூட, செய்துகொண்டவர்களில் நான்கில் ஒருவர் பிழைக்காத ஆபரேஷன் இது. இப்போது இதை அடிக்கடி செய்யும் மருத்துவமனைகளில் அந்த அபாயம் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்திருக்கிறது. டாக்டர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. கணையத்தை இணைக்கும் இடம்தான் பலவீனமான இடம், அங்கே கசிந்தால் சிக்கல் என்று அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டு, "சரி டாக்டர், எப்ப வச்சுக்கலாம்?" என்று கேட்டார். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

எங்களிடம் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். காலையில் அம்மாவை உள்ளே கூட்டிப்போனதும் தம்பி ரத்த வங்கிப் பக்கம் போய்விட்டான். நான் மட்டும் கூடத்தில். அங்கே ஒரு கதவு. அது திறக்கும்போதெல்லாம் ஒரு நர்ஸ் வந்து நோயாளியின் பெயரைச் சொல்லி, "கூட வந்தவங்க யாரு?" என்று கேட்பார். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும், அம்மா பெயர் வராதா என்று எழுந்து எழுந்து நின்றேன். மற்றவர்களை எல்லாம் கூப்பிடுகிறார்கள், எங்களை மட்டும் கூப்பிடவில்லை. உள்ளே ஏதோ ஆகிவிட்டது, அதனால்தான் யாரும் வந்து சொல்லவில்லை என்றே மனசு போய்விட்டது.

பக்கத்து நாற்காலியில் ஒரு அக்கா வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், வேறு ஒன்றும் இல்லை. நான் எழுந்து நிற்பதையும் உட்கார்வதையும் கொஞ்ச நேரம் பார்த்திருப்பார் போல.

"யாருக்கும்மா?"

"அம்மாவுக்கு."

"என்ன ஆபரேஷன்?"

சொன்னேன். அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

"எத்தனை மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க?"

"எட்டு மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தே முக்கால் ஆகுது. இன்னும் கூப்பிடலைல்ல?"

"இல்லக்கா. ஒரு தகவலும் இல்ல."

"அப்ப நல்லதும்மா. இந்த ஆபரேஷன்ல சீக்கிரம் கூப்பிடக் கூடாது. உக்காரு, சொல்றேன்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்க ஆசைப்படுகிறேன். இந்த அறுவை சிகிச்சையில் எடுத்த எடுப்பில் எதையும் வெட்டி எடுத்துவிட மாட்டார்கள். முதலில் கல்லீரலின் மேலும் வயிற்றின் உள்சுவரிலும் ஸ்கேனில் தெரியாத சின்னச் சின்னப் புள்ளிகளாகப் புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிலர் இதைப் பார்ப்பதற்கென்றே முதலில் சின்னத் துளை போட்டுக் கேமராவை விடுவார்களாம். அப்புறம் கணையத்தை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக் குழாய்களைப் புற்றுநோய்க் கட்டி சுற்றிப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பரவியிருந்தாலோ பிரிக்க முடியாதபடி சுற்றியிருந்தாலோ, எடுப்பதில் பயனில்லை. பித்தம் இறங்க ஒரு மாற்று வழி மட்டும் செய்துவிட்டோ, அதுவும் இல்லாமலோ மூடிவிட்டு வெளியே வந்து சொல்லிவிடுவார்கள். அந்தச் செய்தி வருவதென்றால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். அதைத் தாண்டிவிட்டால் உள்ளே எடுக்கும் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

"கூப்பிடாம இருக்க இருக்க உங்க அம்மா உள்ள ஒவ்வொரு படியா தாண்டிட்டு இருக்காங்கன்னு நெனச்சுக்கோ" என்றார்.

அதுவரை என்னை நசுக்கிக்கொண்டிருந்த அதே கடிகாரம் அதற்கப்புறம் எனக்குத் துணையாகிவிட்டது. பதினொன்று. பதினொன்றரை. பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் அவர்தான் எனக்குச் சொன்னார். நடுவில் பேச்சே இல்லாமலும் உட்கார்ந்திருந்தோம். "ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாகிடும்" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தனக்கு எது தெரியுமோ அதை மட்டும் சொன்னார். மதியத்துக்கு மேல், "இனிமே கூப்பிட்டாலும் பயப்படாத. ரத்தம் வேணும்னு கேப்பாங்க, இல்ல ஏதாவது கையெழுத்து கேப்பாங்க" என்றார். சொன்ன மாதிரியே கூப்பிட்டார்கள், இன்னும் ஒரு யூனிட் ரத்தம் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அவர் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் அந்தக் கதவருகிலேயே நான் விழுந்திருப்பேன்.

மாலையில் டாக்டர் வெளியே வந்து முடிந்தது என்று சொன்னபோது திரும்பிப் பார்த்தேன், அக்காவைக் காணவில்லை. மேல் மாடி வார்டில் கணவர் இருக்கிறார் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அம்மாவை ஐசியூவுக்கு மாற்றும்வரை எங்களுக்குப் பார்க்க அனுமதி இல்லை என்பதால், அவரைத் தேடி மேலே போனேன். வார்டின் கோடியில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அவருடைய கணவர். வயிற்றில் கட்டு. கண்ணில் மஞ்சள் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அக்கா வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "கீழ உக்காந்திருந்த பொண்ணு நீதானாம்மா? அம்மாவுக்கு முடிஞ்சிருச்சா?"

முடிந்தது என்றேன்.

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க அண்ணா."

முகமெல்லாம் மலர்ந்து அக்காவைப் பார்த்து, "பாத்தியா, எடுத்துட்டாங்களாம்" என்றார். அப்புறம் சாதாரணமாக, "எனக்குத் திறந்து பாத்துட்டு மூடிட்டாங்கம்மா. ரத்தக் குழாயைச் சுத்திப் புடிச்சிருக்காம். கீமோ கொடுத்துட்டு மறுபடி ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

அக்காவுக்கு அந்த முதல் இரண்டு மணி நேரத்தைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதே கூடத்தில் உட்கார்ந்திருந்த அவரை அந்தக் கதவு சீக்கிரமே கூப்பிட்டிருக்கிறது.

எனக்குப் பேச்சு வரவில்லை. அக்காதான் சொன்னார்: "நான் எங்க வந்தேன், இவருதான் போகச் சொன்னாரு. இங்கயே உக்காந்து என் மூஞ்சியவே பாக்காத, கீழ இன்னைக்கும் யாராவது தனியா உக்காந்திருப்பாங்க, போய்க் கூட இருன்னு அனுப்பினாரு."

இதை நான் எத்தனை விதமாக யோசித்துப் பார்த்தாலும் மனசு நிறைந்து வழிகிறது. தனக்கு நடக்காத ஒன்று இன்னொருவருக்கு நடந்திருக்கிறது என்று கேட்டு அவரால் அப்படிச் சந்தோஷப்பட முடிந்தது. தன் வீட்டுக்கு இடியாக இறங்கிய ஒரு விஷயத்தை அக்காவால் எனக்கு ஆறுதலாக எடுத்துத் தர முடிந்தது. அந்தக் கதவு தன்னைச் சீக்கிரமே கூப்பிட்டதை, கூடத்தில் இருந்த நேரம் முழுவதும் அக்கா என்னிடம் சொல்லவே இல்லை. சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று இதற்கு முன்பு என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். இப்போது எனக்கு நேராகத் தெரியும்.

அவர்களுடைய பெயரை இங்கே எழுதவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம். அம்மா ஐசியூவில் இருந்த நாட்களிலேயே அவர்கள் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டார்கள், தொலைபேசி எண்ணும் வாங்கிக்கொள்ளவில்லை. இந்தக் கடிதம் எப்படியாவது அவர்கள் கண்ணில் பட்டால், அக்கா, அண்ணா, நான் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

இனி உங்களுக்கு.

ரத்தம் கொடுத்தவர்களே, உங்களை முதலில் சொல்ல வேண்டும். முன்கூட்டியே வந்து கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கும், அன்றைக்கு வேலையை விட்டுவிட்டுத் தம்பியோடு காத்திருந்தவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்தான் சேமித்து வைக்க முடியும், தட்டணுக்கள் ஐந்து நாள் அளவுக்குத்தான் தாங்கும் என்று ரத்த வங்கியில் சொன்னார்கள். எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடியாத பொருள் அது. யாரோ ஒருவர் கையை நீட்டினால்தான் உண்டு. அம்மாவின் உடம்பில் இப்போது உங்களில் சிலர் இருக்கிறீர்கள்.

பணம் அனுப்பியவர்கள், அனுப்பியதை யாருக்கும் சொல்லாதே என்று சொன்னவர்கள், வீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள், இன்சூரன்ஸ் தாள்களைப் பூர்த்தி செய்து தந்த சித்தப்பா, ராத்திரி தம்பிக்கு ஓய்வு கொடுத்துக் கட்டிலருகே உட்கார்ந்த தோழிகள், அவரவர் நம்பிக்கைப்படி அம்மாவுக்காக வேண்டிக்கொண்டவர்கள், எல்லோருக்கும் நன்றி. மூச்சுப் பயிற்சிக் கருவியில் மூன்று பந்தும் மேலே எழும்பும்வரை "இன்னும் ஒண்ணு பாட்டி, இன்னும் ஒண்ணு" என்று விடாமல் எண்ணிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தனியாக நன்றி. ஆபரேஷனுக்கு முன்பே அந்தப் பழக்கம் இருந்ததால்தான் நுரையீரலில் சளி கட்டாமல் தப்பித்தார் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். ஐசியூ நர்ஸ்களுக்கும் நன்றி. பகல் எது இரவு எது என்று தெரியாமல் அம்மா குழம்பியபோதெல்லாம் கிழமையும் நேரமும் சொல்லிச் சொல்லி அவரை மீட்டுக்கொண்டு வந்தார்கள்.

அம்மாவைப் பார்க்க வர வேண்டும் என்று பலர் கேட்கிறீர்கள். வாருங்கள், ஆனால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து. உடம்பு தேறியதும் கீமோ ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் எந்தத் தொற்றும் வந்துவிடக் கூடாது. சளி, காய்ச்சல் இருந்தால் தொலைபேசியில் பேசினாலே போதும். சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி என்றுதான் சாப்பிட முடிகிறது. கணையம் சுரக்க வேண்டிய நொதியை ஒவ்வொரு வேளையும் மாத்திரையாகச் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்.

என் பங்குக்கு நான் ஒன்றை முடிவு செய்திருக்கிறேன். அம்மா கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும், முடிகிற நாட்களில் அந்தக் கூடத்துக்குப் போய் உட்காரப் போகிறேன். தனியாக யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காருவேன். எனக்கு மருத்துவம் தெரியாது, அவரவருக்கு நடக்கும் அறுவை சிகிச்சை வேறு வேறு. அதனால் தெரியாததைச் சொல்ல மாட்டேன். நேரம் மட்டும் பார்த்துச் சொல்லலாம், தண்ணீர் வாங்கித் தரலாம், அவர்கள் கழிவறைக்குப் போய் வரும்வரை கதவைப் பார்த்துக்கொள்ளலாம். தனியாக இருப்பவருக்கு இந்தக் கடைசி ஒன்று எவ்வளவு பெரிய உதவி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ரத்தமும் கொடுப்பேன், கொடுக்கத் தகுதி இருக்கும்வரை.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த அண்ணனுக்கு இந்நேரம் கீமோ தொடங்கியிருக்கும். கீமோவில் கட்டி சுருங்கி, ரத்தக் குழாயிலிருந்து விலகி, பிறகு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள் என்று எங்கள் டாக்டர் சொன்னார். அம்மாவுக்காக வேண்டிக்கொண்டீர்களே, இனி அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, மேல் மாடி அண்ணன் என்று சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். அம்மாவும் அப்படித்தான் சொல்லி வேண்டிக்கொள்கிறார்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்