பொதுச்சுவருக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மதுரையில் 45 வருஷம் கொத்தனாராக வேலை பார்த்தவன். பதினாறு வயதில் கையாளாகச் சேர்ந்தேன். அப்புறம் கரணை பிடித்தேன். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் நானே ஆள் வைத்துக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்தேன். முழங்கால் தேய்ந்துவிட்டதால் இப்போது சாரம் ஏறுவதில்லை. மாசி வீதிகளைச் சுற்றியிருக்கிற சந்துகளில் நான் கை வைக்காத வீடு குறைவு. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் என் அக்கா வீடு இருக்கிறது. 12 அடி அகலம், 60 அடி நீளம். திண்ணை, நடை, பட்டாசாலை, முற்றம், அடுப்படி என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். அதாவது அக்கா வீட்டு உத்திரமும் பக்கத்து வீட்டு உத்திரமும் ஒரே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். பத்திரத்திலேயே ‘பொதுச்சுவர் பாத்தியம் உள்பட’ என்று எழுதியிருக்கும். நகருக்குள் பழைய வீடுகள் முக்கால்வாசி இப்படித்தான். ஒரு வீடு தனியாக நிற்பதில்லை. வரிசையே ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கிறது.

வைகாசியில் கீழ்ப்பக்கத்து வீடு விலைபோனது. அங்கே மூன்று தலைமுறையாக இருந்தவர்கள் திருப்பாலைப் பக்கம் வீடு கட்டிப் போய்விட்டார்கள். அதில் தப்பில்லை. கார் நுழையாத சந்தில், ஆம்புலன்ஸ் வராத சந்தில், வயசானவர்களை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? வாங்கியவர் ஜவுளி வியாபாரி. பழைய வீட்டை இடித்துவிட்டுக் கடையும் குடோனும் கட்டப்போகிறார். அதுவும் அவர் உரிமை.

ஆனி கடைசியில் இடிக்க ஆரம்பித்தார்கள். பகலில் சந்துக்குள் வண்டி வர முடியாது என்பதால் ராத்திரி பத்து மணிக்கு மேல் சின்ன ஜேசிபி வந்தது. மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு அக்கா போன் செய்தாள். “சுவரு பேசுதுடா, வந்து பாரு” என்றாள். போய்ப் பார்த்தால், தண்ணீர்க் குடத்துக்குள் காரை உதிர்ந்து கிடக்கிறது. பட்டாசாலைச் சுவரில் மேலிருந்து பாதிவரை மயிரிழை போல ஒரு விரிசல்.

என்ன செய்திருக்கிறார்கள் என்று மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் இருந்தவை நல்ல தேக்கு உத்திரங்கள். பழைய தேக்குக்கு இன்றைக்கு விலை அதிகம், நீளம் குறையாமல் இருந்தால் இன்னும் அதிகம். அதனால் அறுக்காமல், சங்கிலி போட்டு ஜேசிபியால் அப்படியே இழுத்திருக்கிறார்கள். உத்திரத்தின் முனை பொதுச்சுவருக்குள் முக்கால் அடியாவது போயிருக்கும். அதை இழுத்தால் மரம் மட்டுமா வரும்? சுவரையும் கூட்டிக்கொண்டுதான் வரும். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் சுவரோரம் ரம்பம் வைத்து அறுத்து, முனையைச் சுவருக்குள்ளேயே விட்டுவிட்டு மரத்தை இறக்குவோம். ஒரு அடி மரம் போனால் போகிறது என்று வீட்டுக்காரரும் விட்டுவிடுவார்.

விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடி ஒட்டி வைத்தேன். பழைய சாமி படத்துக் கண்ணாடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் அப்பி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினேன். சுவர் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்கும். நூலளவு அசைந்தாலும் கண்ணாடி கீறிவிடும். என் மேஸ்திரி எனக்குச் சொல்லிக் கொடுத்த சோதனை இது. முதல் கண்ணாடி ஒன்பது நாள் இருந்தது. பக்கத்து மனையில் பள்ளம் தோண்ட ஆரம்பித்த பிறகு வைத்த இரண்டாவது கண்ணாடி ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

பள்ளம் என்று சொன்னேன். இதுதான் நான் எழுத வந்த முக்கியமான விஷயம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. நல்ல விதி. எங்கிருந்து பார்த்தாலும் கோபுரம் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் நகருக்குள் ஒரு சென்ட் விற்கிற விலைக்கு, 9 மீட்டருக்குள் போட்ட பணத்தை எடுக்க முடியாது என்று வாங்கியவர்கள் நினைக்கிறார்கள். மேலே போக முடியவில்லை, அதனால் கீழே போகிறார்கள். குடோனுக்கு அண்டர்கிரவுண்ட் எடுப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது.

அக்கா வீட்டுக் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், மூன்றடி ஆழம்கூட இருக்காது. அந்தக் காலத்து வீடுகளுக்கு அது போதும். சுவர் அகலமானது, பாரம் பரவலாக இறங்கும், பக்கத்து வீடும் அண்டை கொடுக்கும். அந்தச் சுவரை ஒட்டிப் பத்தடிக்குப் பள்ளம் தோண்டினால் கடைக்காலுக்கு அடியில் இருக்கிற மண்ணுக்குப் பிடிப்பு ஏது? சரிந்து பள்ளத்துக்குள் வரத்தான் செய்யும். இதற்கு என்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஆற்று மணலில் குழி தோண்டி விளையாடிய பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

வேலையிடத்தில் இருந்த இளம் என்ஜினீயரிடம் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார். “ஐயா, பழைய செவுரு, இன்னைக்கில்லைன்னா நாளைக்கு விழத்தான் போகுது. அம்மாவும் குடுத்துட்டா நல்ல வெலை வரும்” என்றார். அவர் என்னை மிரட்டவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்காமல் செய்தது. எண்பது வயசுக்காரி குடியிருக்கிற சுவர் அந்தத் தம்பியின் கண்ணுக்கு இப்போதே விழுந்துவிட்ட சுவர்தான்.

மனு கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில், இது தனியார் இரண்டு பேருக்குள் இருக்கிற தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டில் வாய்தா வாங்கி வாங்கித் தீர்ப்பு வருவதற்குள் சுவர் காத்திருக்குமா?

தனியார் தகராறு என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2020 தீபாவளி அன்று நள்ளிரவில் நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடையில் தீப்பிடித்தபோது, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் அந்தப் பழைய கட்டடம் இடிந்து விழுந்து இறந்தார்கள். மறு வருஷம் டிசம்பரில், நெல்பேட்டைப் பக்கம் ராத்திரி ரோந்து போன காவலர் ஒருவர் பழைய கட்டடம் சரிந்து அதே மாதிரி உயிரைவிட்டார். அந்த மூன்று பேருக்கும் அந்தச் சுவர்களில் என்ன பாத்தியம் இருந்தது? தேரோட்டத்தன்று நாலு மாசி வீதியிலும் ஜனம் எப்படி நிற்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டித்தான் நிற்கிறோம். தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண் பக்கம் போனால் காலை நகர்த்தக்கூட முடியாது. சுவர் தனியாருடையதாக இருக்கலாம், அதன் அடியில் நிற்பது ஊர்.

நான் கட்டடம் கட்டுவதற்கு எதிரி இல்லை. கட்டிக் கட்டித்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். இந்த ஊர் எப்போதும் இடித்துக் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூட முடிவெடுத்தபோது, இடிக்கிற ஜனங்களுக்கே அந்த நிலத்தைக் கொடுத்தார்கள். வெளி வீதிகள் அப்படி வந்தவை. அளந்து கொடுத்த மாரட் பெயரில் ஒரு வீதி, வேலையை நின்று நடத்திய பெருமாள் மேஸ்திரி பெயரில் ஒரு வீதி. கலெக்டருக்கு நினைவாக வைத்ததுதான் விளக்குத்தூண். ராஜாக்கள் பெயரிலும் சாமிகள் பெயரிலும் வீதி இருக்கிற ஊரில் ஒரு மேஸ்திரி பெயரிலும் வீதி இருக்கிறது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பெருமை. வேலை தேடி வருகிற பையன்களுக்கு நான் முதலில் காட்டுகிற இடம் அதுதான்.

வெளி வீதிப் பக்கம் நான் பலமுறை வானம், அதாவது கடைக்காலுக்கான பள்ளம், பறித்திருக்கிறேன். ஆறடிக்குக் கீழேயும் கலப்பு மண்தான் வரும். உடைந்த செங்கல், ஓட்டாஞ்சில்லு, கரி. அகழியைத் தூர்த்த மண் என்பார் என் மேஸ்திரி. அந்த மாதிரி இடத்தில் பக்கத்து வீடு இருக்கும்போது வானத்தை ஒரே நீளத்துக்குப் பறிக்க விடவே மாட்டார். நாலடி பறி, அடியிலிருந்து கட்டி எழுப்பு, அது இறுகட்டும், ஒரு நாலடி விட்டு அடுத்ததைப் பறி என்பார். வேலை இரண்டு மடங்கு நாள் இழுக்கும். இடிக்கும்போதும் அப்படித்தான். பொதுச்சுவர்ப் பக்கம் கடப்பாரையை ஓங்கக்கூடாது. மேலிருந்து வரி வரியாக, உளியும் சுத்தியலும் வைத்துச் செங்கல்லைப் பிரித்து இறக்க வேண்டும். அந்தப் பக்க வீட்டுக்குள் போய், அவர்களைக் கேட்டு, முதலில் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் கூரையின் முதல் ஓட்டைக் கழற்றுவோம். எந்தச் சட்டமும் எங்களைச் செய்யச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மா காப்பி கொடுப்பார், அவர் முகத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். இப்போது ராத்திரியில் வருகிற ஜேசிபி டிரைவருக்கு யார் முகமும் தெரியாது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மணிக்கணக்குக்கு வாடகை பேசி வந்தவர், சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார்.

மெட்ரோ ரயில் பற்றி ஊரில் எல்லோரும் பேசுகிறோம். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர் திட்டத்தில், நகருக்குள் சுரங்கம் தோண்டினால் பழைய கட்டடங்களுக்கு அதிர்வு வருமா என்று கேட்பது நியாயமான கேள்வி. சுரங்கத்துக்கு ஆயிரம் ஆய்வு செய்வார்கள், கருவி வைத்து அளப்பார்கள், செய்யட்டும். ஆனால் அதே பகுதியில் தினம் ராத்திரி ஏதோ ஒரு சந்தில் ஒரு பள்ளம் தோண்டுகிறார்கள், அதை அளக்க ஒரு கண்ணாடித் துண்டு வைக்கக்கூட ஆளில்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பகுதிகளில் பொதுச்சுவர் உள்ள வீட்டை இடிக்க அனுமதி கேட்டால், கொடுப்பதற்கு முன் ஒரு என்ஜினீயர் இரண்டு பக்கத்து வீட்டுக்குள்ளும் போய்ப் பார்க்கட்டும். இருக்கிற விரிசலைப் போட்டோ எடுத்து இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளட்டும். இது கட்டுகிறவருக்கும் நல்லது, பழைய விரிசலுக்கெல்லாம் அவரிடம் யாரும் காசு கேட்க முடியாது. பொதுச்சுவரை ஒட்டி நாலைந்து அடிக்குக் கையால்தான் இடிக்க வேண்டும், உத்திரத்தை அறுத்துத்தான் இறக்க வேண்டும் என்று அனுமதிக் கடிதத்திலேயே ஒரு வரி போடலாம். பழைய கடைக்கால் ஓரம் அண்டர்கிரவுண்ட் கூடவே கூடாது என்பேன். இல்லை, எடுத்துத்தான் தீர வேண்டுமென்றால் இடம் விட்டு, மண்ணைத் தடுத்துக் கட்டிவிட்டு எடுக்கட்டும். கட்டுகிறவரிடம் ஒரு தொகையை முன்பணமாக வாங்கி வைத்து, பக்கத்து வீட்டில் சேதம் இல்லை என்று பார்த்த பிறகு திருப்பிக் கொடுத்தால், ஜேசிபியும் மெதுவாக நகரும்.

ரத வீதிகளில் நடைபாதை போட்டார்கள், பெரியார் பஸ் நிலையத்தைப் புதிதாகக் கட்டினார்கள், புது மண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டு மண்டபத்தைச் சீர்செய்ய இறங்கினார்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. சந்துக்குள் இருக்கிற சுவர் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இப்போது அக்கா வீட்டுப் பட்டாசாலையில் ஆறு சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து நிற்கிறது. நடுவில் பாய் விரித்து அக்கா படுத்துக்கொள்கிறாள், என் வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறாள். சுவரின் மறுபக்கத்தில், இடித்துப்போன வீட்டு அடுப்படியின் விளக்கு மாடம் எண்ணெய்ப் பிசுக்கோடு வெட்டவெளியைப் பார்த்து நிற்கிறது. அந்தப் பக்கம் பூச்சே கிடையாது, உள்ளே மண் சாந்தில் கட்டிய செங்கல். ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல அடித்தால் கரைந்து போகும். தார்ப்பாய் கட்ட அந்த மனைக்குள் போய்த்தான் ஏற வேண்டும். அனுமதி கேட்டு மூன்று வாரமாகிறது.

மழைக்கு முன்னால் சம்பந்தப்பட்ட அதிகாரி ஒருவர் ஒரே ஒரு தடவை வந்து பார்த்தால் போதும். இதுவரை கீறிய மூன்று கண்ணாடிகளையும் தேதியோடு எடுத்து வைத்திருக்கிறேன். நான்காவது சுவரில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொத்தனார்,
தெற்கு மாசி வீதிப் பகுதி,
மதுரை.