கடைத்தெரு இரவுக் காவலர்களையும் ரோந்துப் போலீஸையும் இணைக்கக் கோரி மனு

பெறுநர்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள், தஞ்சாவூர்.

அனுப்புநர்: கடைத்தெரு வியாபாரிகள், கும்பகோணம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குறுவை அறுவடைப் பணமும் தீபாவளியும் ஒட்டி வரும் சமயத்தில் பாபநாசம், திருவிடைமருதூர் பக்கத்து ஜனமெல்லாம் நகை, பாத்திரம், துணி எடுக்க இங்கேதான் வரும். கூடவே திருட்டுப் பயமும் வந்துவிடுகிறது. கடைக்காரர்கள் காசு போட்டு ஏஜென்சி மூலம் செக்யூரிட்டி வைத்திருக்கிறோம், உங்கள் ஆட்களும் ரோந்து வருகிறார்கள், ஆனால் இரண்டு தரப்பும் பேசிக்கொள்வதே இல்லை.

ரோந்து வரும் பீட் போலீஸ் பைக்கில் வருவார், வந்துபோனதைப் பதிய ஏடிஎம்மில் வைத்திருக்கும் பட்டா புக்கில் டார்ச் அடித்துக் கையெழுத்துப் போடுவார், கிளம்பிவிடுவார். பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் எங்கள் செக்யூரிட்டிப் பெரியவரிடம் "புதுசா யாராவது வந்தாங்களாய்யா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. போன மாதம் நம்பர் பிளேட் இல்லாத பைக் ஒன்று தெருவைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து அவர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். நீ யார், எந்த ஏஜென்சி, உனக்கென்ன அக்கறை என்று அவரைத்தான் குடைந்தார்கள். விடிந்து பார்த்தால் ஒரு கடை ஷட்டரை நெம்பியிருந்தது. அப்புறம் அவர் யாருக்கும் போன் போடுவதில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பெரிய திட்டமெல்லாம் கேட்கவில்லை. இரவுக் காவலர்கள் செல் நம்பர் பீட் போலீஸிடமும், அவர் நம்பர் இவர்களிடமும் இருக்கட்டும். திருட்டு வண்டி நம்பர், தேடப்படும் ஆட்களின் போட்டோவை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், விடிய விடிய முழித்திருக்கும் கண்களுக்கு எதைப் பார்ப்பது என்றாவது தெரியும். பட்டா புக்கில் கையெழுத்துக்குப் பக்கத்தில், இரவுக் காவலர் சொன்னதை ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது.

ஏஜென்சிகளையும் கொஞ்சம் பாருங்கள் ஐயா. 2005 தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் வேண்டும், ஆளின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும், 65 வயதைத் தொட்டவரை வைக்கக் கூடாது. மத்திய மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் சொல்கின்றன. இங்கே சட்டையும் விசிலும் கொடுத்ததோடு பயிற்சி முடிந்தது.

இரவுக் காவலர்களைப் போலீஸாக்கச் சொல்லவில்லை. உரிமையாகப் பிணை கேட்க முடியாத, வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றத்தைக் கண்ணெதிரே செய்பவனை யாரும் பிடிக்கலாம், 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 40-ஆவது பிரிவு. இது தெரியாமல் யாரையாவது கட்டிவைத்து அடித்து வம்பாவதற்குள், ஆய்வாளர் ஒருவர் ஒரு மாலை வந்து சொல்லிக்கொடுக்கட்டும். இடமும் டீயும் எங்கள் பொறுப்பு.

தீபாவளிக்கு முன் இந்த ஒரு தெருவில் மட்டும் செய்து பாருங்கள். சரியாக வந்தால், 2028 மகாமகத்துக்குக் குளத்தைச் சுற்றியுள்ள எல்லாத் தெருவுக்கும் விரிக்க நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
கடைத்தெரு வியாபாரிகள்