அலட்சியமாம், அலட்சியம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கல்வி இணைப்பில் வெளிநாட்டுப் படிப்பு பற்றி ஒரு கல்வி ஆலோசகர் எழுதியிருந்தார். போகிற போக்கில் அதில் ஒரு வரி: மாணவர்களின் பயணம் தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் அவர்களுடைய கடைசி நேர அலட்சியமே காரணமாம். நல்லவேளை, என் தங்கை மகள் இப்போது ஊரில் இல்லை. இருந்திருந்தால் அவளும் இதைப் படித்திருப்பாள்.

என் தங்கைக்குக் கணவர் இல்லை. அந்தப் பிள்ளை ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போவதற்கான காகிதங்களுக்கெல்லாம் அலைந்தவன் தாய்மாமனாகிய நான். எலக்ட்ரிக்கல் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அலைந்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிள்ளையின் 'அலட்சியத்தை'ச் சொல்லிவிடுகிறேன். பி.இ. மூன்றாம் வருஷத்திலேயே ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போனாள். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் இல்லாமல் ஜெர்மன் மாணவர் விசா கிடையாது, அதற்குக் கட்டணம் 18,000 ரூபாய் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அக்டோபரில் வகுப்பு தொடங்கும் படிப்புக்குக் கோடையிலேயே அட்மிஷன் கடிதம் வாங்கிவிட்டாள். விசா நேர்காணலுக்குத் தேதியும் எடுத்துவிட்டாள். கையில் இல்லாதது, மற்றவர்கள் தர வேண்டிய காகிதங்கள் மட்டும்தான்.

கல்லூரியை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், உங்கள் பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் தருகிற கல்லூரிகளில் ஒன்று. சேரும்போது வாங்கி வைத்த பிளஸ் டூ அசல் மார்க் ஷீட்டைத் திருப்பித் தர வேண்டுமானால் 'நோ டியூஸ்' படிவத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். நூலகம், ஆய்வகம், சரி. ஹாஸ்டல் வார்டனும் போட வேண்டும் என்றார்கள். இவள் நான்கு வருஷமும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்தவள். ஹாஸ்டலில் தங்கவே இல்லை என்று ஹாஸ்டல் வார்டன் எழுதித்தர வேண்டும், அந்த வார்டனோ லீவில் இருக்கிறார். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யூ.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது. கவுன்டரில் அதைச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் பேப்பர்ல வரும் சார்" என்றார். உங்கள் தொழிலுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பதில்.

அப்புறம் வங்கி. உங்களுக்குத் தெரியாததல்ல, ஜெர்மனிக்குப் போகிற மாணவர் ஒரு வருஷச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கு ஒன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக எடுத்துக்கொள்ளலாம். நம் பணத்தில் கிட்டத்தட்ட 12 லட்சம். கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்க மாட்டார்கள். எங்களுக்குத் தேவை அதற்கு மேல், ஆகவே ஈடு கேட்டதில் எனக்குக் குறையில்லை.

கடன் கேட்டுப் போனபோது மேலாளர் முதலில் கேட்டது, "காலேஜ் ஃபீஸ் எவ்வளவு?" அரசுப் பல்கலைக்கழகம், கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு ஒரு சின்னத் தொகைதான் என்றோம். "ஃபீஸே இல்லாத காலேஜுக்கு எதுக்குக் கல்விக் கடன்?" என்றார். நியாயமான சந்தேகம்தான், அதைத் தீர்க்க அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. பல்கலைக்கழகத்தின் லெட்டர்பேடில் 'கட்டணம் இல்லை' என்று தனியாகக் கடிதம் வாங்கி வரச் சொன்னார். இல்லாத கட்டணத்துக்குச் சான்று கேட்டு அந்தப் பிள்ளை ஜெர்மனிக்கு மின்னஞ்சல் அனுப்பியது. அவர்கள் இரண்டே நாளில் பதில் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதிலை மண்டல அலுவலகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து 'சந்தேகம்' வந்து, இவர் லீவில் போய், திரும்பி வந்து... கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் மட்டும் எங்கள் விண்ணப்பம் 'பரிசீலனையில்' என்று பச்சை எழுத்தில் பத்திரமாக இருந்தது.

ஈடாக வைக்க வீடு இருக்கிறது, காலமான மாப்பிள்ளை, அதாவது தங்கை கணவர் பெயரில். பத்திரத்தில் அவர் சுப்பிரமணி. ஆதாரில் சுப்பிரமணியன். இறப்புச் சான்றிதழில் சுப்ரமணியம். மூன்று பேரும் ஒருவரே என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கினோம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் போட்டோம். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஏறி, ஏதோ ஒரு படியில் உட்கார்ந்துகொண்டது. வாரிசுகளில் மாப்பிள்ளையின் தாயாரும் உண்டு. எண்பதைத் தாண்டிய அந்த அம்மாவைக் கார் வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிவந்தோம். கைரேகை இயந்திரத்தில் அவர் விரல் பதியவில்லை. வயலில் வேலை பார்த்துத் தேய்ந்த விரல். ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்து, கடைசியில் இடது கைப் பெருவிரல் பதிந்தது. "பேத்தி பிளேன் ஏறிட்டாளாப்பா?" என்று கேட்டார். அலட்சியக்காரப் பேத்தி அப்போது வாசலில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து கடன் கைக்கு வருவதற்குள் நேர்காணல் தேதி போய்விட்டது. முடக்கக் கணக்குக்குப் பணம் போகாமல் நேர்காணலுக்குப் போய் என்ன பயன்? அடுத்த தேதி கிடைத்து, விசா வந்து, அவள் விமானம் ஏறியது நவம்பர் கடைசியில். மாணவர் விடுதியில் கிடைத்திருந்த அறை வேறு யாருக்கோ போய்விட்டது. ஆய்வகக் குழுக்கள் முன்பே பிரித்தாயிற்று. முதலில் எடுத்த மலிவு டிக்கெட்டில் திரும்பக் கிடைத்தது விமான நிலைய வரிப் பணம் மட்டும்தான்.

ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். செப்டம்பரில் போகிறாள் என்று அவளுடைய சித்தப்பா பையன்கள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். நடுவில் அவள் படம், மேலே ஒரு விமானம், கீழே வாழ்த்தும் நெஞ்சங்களாகக் கூலிங் கிளாஸ் போட்ட பத்துப் பதினைந்து முகங்கள். பயணம் தள்ளிப்போனதும் கழற்றச் சொன்னேன். "இன்னும் கொஞ்ச நாள்தானே மாமா" என்றார்கள். அவள் அதற்குக் கீழேதான் பால் பாக்கெட் வாங்கப் போய்வந்தாள். எதிரில் வருகிறவர்கள் ஃபிளெக்ஸைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், "இன்னும் போகலையாம்மா?" என்பார்கள். கடைசியில் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தாள். இதற்கு எந்த ஆலோசகரிடம் ஆலோசனை இருக்கிறது?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று தள்ளிவிடாதீர்கள். 2021-இல் கனடா ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் கடைசி வரை இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களை நிறுத்தியது. பிள்ளைகள் மூன்றாவது நாடொன்றில் இறங்கி, அங்கே கொரோனா பரிசோதனை எடுத்துத்தான் போக முடிந்தது. என் நண்பர் மகன் அப்படித்தான் போனான், இரண்டு மடங்குக்கு மேல் செலவு. சீனாவில் மருத்துவம் படித்தவர்கள் 2020 தொடக்கத்தில் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்கு விசா மறுபடி திறந்தது 2022 ஆகஸ்டில். 2025 மே 27 அன்று அமெரிக்கா புதிய மாணவர் விசா நேர்காணல் தேதிகள் தருவதை நிறுத்தியது, ஜூன் 18 வாக்கில்தான் மறுபடி தொடங்கியது. ஆகஸ்டில் வகுப்பு உள்ள பிள்ளைகளின் நிலைமை என்ன? இந்தச் செய்திகளையெல்லாம் நீங்களே முதல் பக்கத்தில் போட்டீர்கள். இணைப்பு தயாரிப்பவர்கள் உங்கள் முதல் பக்கத்தைப் படிப்பதில்லை போலிருக்கிறது.

இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன் இதே இணைப்பில் 'ஜெர்மனியில் இலவசமாகப் படிக்கலாம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டீர்கள். முடக்கக் கணக்கு பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017-லிருந்தே நம்மைப் போன்ற நாட்டு மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு என்பதும் இல்லை. அப்போதே கடிதம் எழுதினேன். நான்கு வரியாக நறுக்கி, 'கட்டுரை அருமை' என்று நான் எழுதாத ஒன்றைச் சேர்த்து வெளியிட்டீர்கள். நன்றி.

அந்த ஆலோசகர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் அலுவலக விளம்பரம் அடுத்த பக்கத்திலேயே இருந்தது, பிழைப்பைப் பார்க்கிறார். 'அலட்சியம்' என்ற பட்டத்தை அச்சில் ஏற்றியது நீங்கள் என்பதுதான் வருத்தம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஜனவரி இணைப்பில், பெட்டியோடு சிரிக்கிற பெண்ணின் படத்துக்குப் பதிலாக ஒரு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். தந்தை இல்லாத வீட்டில், சொத்து இறந்தவர் பெயரில் இருந்தால், கல்விக் கடனுக்கு என்னென்ன காகிதம் வேண்டும், எதை எந்த மாதத்தில் தொடங்க வேண்டும் என்று ஒரு வழக்கறிஞரையும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியையும் கேட்டுப் போடுங்கள். வங்கி வழியாகக் கல்விக் கடனில் அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து டி.சி.எஸ். என்கிற வரிப் பிடித்தம் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் கிளையில் அது யாருக்கும் தெரியவில்லை.

கடிதம் நீளம்தான். வெட்டுவதாக இருந்தால் கனடாவையும் சீனாவையும் வெட்டிக்கொள்ளுங்கள். வார்டன் கையெழுத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அந்தக் கல்லூரியில் அடுத்த ஏப்ரலில் இன்னொரு பிள்ளை அந்தக் கவுன்டரில் நிற்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திண்டுக்கல் மாவட்டம்.